ரிப்பன் மாளிகை ஏன் பின்னால் சாய்கிறது?

சென்னை சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகை முன்னால் நின்று போனைத் தூக்கிய எல்லாருடைய கேலரியிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் இருக்கும். 1913-இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம் மல்லாந்து விழப்போவதுபோல நிற்கும். போன் திரையில் இதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அதையே மூன்றடி உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டினால் கதை வேறு. சட்டத்தின் நேர்விளிம்புக்குப் பக்கத்தில் கடிகாரக் கோபுரத்தின் சரிவு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பழியை லென்ஸ் மேல் போடுவது வழக்கம். லென்ஸ் பாவம். கேமராவை அண்ணாந்து பிடித்ததுதான் காரணம்.

ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது, கேமரா பார்க்கும் திசையில் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேமராவை நிமிர்த்தி நேராகப் பிடித்தால் சென்சாரும் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) கட்டடத்தின் முகப்பும் இணையாக நிற்கும். வாசல்படியும் கோபுர உச்சியும் அந்தத் திசையில் ஒரே தூரம்தான். ஆகவே இரண்டும் ஒரே அளவில் விழும், செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். கேமராவை அண்ணாத்தியதும் இந்த இணை உடைகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கோபுரம் 43 மீட்டர். 40 மீட்டர் தள்ளி நிற்கிறோம், கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில், 20 டிகிரி அண்ணாந்து இருக்கிறது. கேமரா பார்க்கும் திசையில் அளந்தால் கட்டடத்தின் அடி 37 மீட்டரிலும் உச்சி சுமார் 52 மீட்டரிலும் இருக்கும். அடியில் 10 மீட்டர் அகலமாகத் தெரிகிற ஒன்று உச்சியில் ஏழு மீட்டர் அகலமாகத்தான் தெரியும். சாய்வு என்று நாம் சொல்வது இந்தச் சுருக்கத்தைத்தான்.

நேரில் பார்க்கும்போது மட்டும் ஏன் சாய்வதில்லை? விழித்திரையில் அப்போதும் இதே சுருக்கம்தான் விழுகிறது. ஆனால் கழுத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும். அந்த வளைவைக் கழித்துக்கொண்டு கட்டடத்தை நிமிர்த்திவிடுகிறது. சுவரில் மாட்டிய படத்தை நாம் கழுத்தை வளைக்காமல் பார்க்கிறோம். கழிக்க ஒன்றும் இல்லாததால் சரிவு அப்படியே தெரிகிறது.

சரி, அண்ணாத்தாமலே எடுத்தால்? 24 மி.மீ. லென்ஸ் போட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் (போனின் முதன்மைக் கேமராவும் ஏறக்குறைய இந்தக் கோணம்தான்) தரையிலிருந்து முப்பத்தோரு மீட்டர் வரைதான் ஃப்ரேமில் வரும். கோபுரத்தின் தலை போய்விடும். கீழ்ப்பாதி முழுக்கத் தார்ச்சாலை.

இதற்கு அந்தக் காலத்து துருத்திக் கேமராக்காரர்களிடமே விடை இருந்தது. கேமரா நேராக நிற்கும், லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே தூக்குவார்கள். இன்றைய ஷிஃப்ட் லென்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. 35 மி.மீ. கேமராவுக்கு நிக்கான் 1962 வாக்கில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. சாதாரண லென்ஸ், சென்சாரின் மூலைவிட்டமான 43 மி.மீ.-ஐ மூடுகிற அளவுக்குத்தான் வட்டமான பிம்பத்தை வீழ்த்தும். கேனனின் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸோ 67 மி.மீ. வட்டத்தை வீழ்த்துகிறது. அந்தப் பெரிய வட்டத்துக்குள் எந்தப் பகுதி சென்சாரில் விழ வேண்டும் என்பதை, லென்ஸை 12 மி.மீ. வரை நகர்த்தி நாமே தேர்ந்தெடுக்கலாம். மேலே சொன்ன அதே இடத்தில் நின்று 12 மி.மீ. தூக்கினால், ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேல்வரை ஃப்ரேமுக்குள் வந்துவிடும். கோபுரமும் அதற்கு மேலே எட்டு மீட்டர் வானமும் கிடைக்கும், கோடுகளும் நேராக நிற்கும்.

ஆப்பில் சரிசெய்துகொள்ளலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் உச்சியை 1.4 மடங்கு அகலமாக இழுக்க வேண்டும். உயரவாக்கில் இன்னும் அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அகலத்தை மட்டும் இழுத்து உயரத்தை மறந்துவிட்டால் கட்டடம் குட்டையாகிவிடும். சுவர்ப்படம் என்று விற்கப்படும் பலவற்றில் கோபுரங்கள் அமுக்கி வைத்ததுபோல இருப்பது இதனால்தான். இன்னொன்று, இழுத்த இடத்தில் புதிதாக விவரம் எதுவும் முளைக்காது. இருக்கிற பிக்சலைத்தான் பரப்புகிறோம். கடிகாரத்தின் எண்கள் மங்குவது பிரிண்ட்டில் தெரியும்.

லென்ஸையும் ஆப்பையும் விடப் பெரிய விஷயம், நிற்கிற இடம். எடுப்பவர் நிற்கும் இடம் மட்டுமில்லை, படம் பார்ப்பவர் நிற்கப்போகும் இடமும் சேர்த்துத்தான். 36 மி.மீ. நீளமுள்ள சென்சாரில் விழுந்தது மூன்றடிப் பிரிண்ட்டாகும்போது 25 மடங்கு பெரிதாகிறது. 24 மி.மீ. லென்ஸையும் 25-ஆல் பெருக்குங்கள். 600 மி.மீ., அதாவது இரண்டடி. கேமரா பார்த்த கோணத்திலேயே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமானால் சுவரிலிருந்து இரண்டடியில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூடத்தில் அப்படி யார் நிற்கிறார்கள்? ஆறேழு அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஓரத்தில் இருக்கும் குவிமாடம் முட்டைபோல இழுபட்டுத் தெரியும். 85 மி.மீ. லென்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் சரியாக ஏழடி வருகிறது. ஆனால் அந்த லென்ஸில் முழுக் கோபுரமும் அடங்க நூறு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். எதிர்ப்பக்கம் ஆறேழு மாடி உயரத்தில் ஒரு ஜன்னல் கிடைத்தால் உத்தமம். கோபுரத்தின் பாதி உயரத்தில் கேமரா இருப்பதால் அண்ணாத்தவே வேண்டாம். நல்ல கட்டடப் படங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு வாட்ச்மேனின் தயவு இருக்கிறது என்பது என் எண்ணம்.

வெளிச்சத்துக்கு வருவோம். ரிப்பன் மாளிகையின் முகப்பு தெற்கு பார்த்தது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். முகப்பில் நேர்வெயில் விழாது, வெள்ளைச் சுவர் சப்பென்று இருக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் காலையிலும் மாலையிலும் வெயில் முகப்பைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். சுதை வேலைப்பாடு ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

அப்புறம் அந்த நீல நேரம். சூரியன் மறைந்து, அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரி இருக்கும்போது வானம் ஆழ்ந்த நீலமாகும். பகல் நீலத்துக்குக் காரணம் காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது. இந்த நீலத்துக்கு அது மட்டும் போதாது. சூரிய ஒளி அப்போது வளிமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து நெடுந்தூரம் ஓசோன் படலத்துக்குள் வருகிறது. ஓசோன் மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிவிடுகிறது. இதை அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் 1953-இல் கணக்கிட்டுக் காட்டினார். தெருவிளக்கின் வெளிச்சமும் வானத்தின் நீலமும் பிரகாசத்தில் சமமாகிற நேரமும் இதுதான். சென்னையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்து சுமார் 13 நிமிடத்தில் ஆரம்பித்து எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். லண்டன்காரருக்கு 13 நிமிடம் கிடைக்கும். முன்பே ட்ரைபாட் போட்டு ஃப்ரேமை முடிவு செய்துகொள்ளாதவருக்கு இங்கே இடமில்லை.

அந்த மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் பல வினாடி திறந்திருக்கும், கூட்டம் காணாமல் போகும். மாயமில்லை. நடந்து போகிறவர் ஓர் இடத்தை மறைத்திருப்பது கால் வினாடி, அரை வினாடி. 30 வினாடி எக்ஸ்போஷரில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான். 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸின் ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தபோதும் இதேதான் நடந்தது. எக்ஸ்போஷர் பல நிமிடம் ஓடியதால் வண்டிகளும் ஆட்களும் மறைந்துபோனார்கள். ஷூவுக்குப் பாலிஷ் போட அசையாமல் நின்ற ஒருவர் படத்தில் தங்கிவிட்டார்.

வெளிறிப்போன வானத்துக்கு ஆப்பில் மேகம் ஒட்டுவதைச் சிலர் பாவம் என்கிறார்கள். 1850-களில் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லினேயஸ் ட்ரைப்பும் அதைச் செய்தவர்தான். அன்றைய காகித நெகட்டிவுக்கு நீல ஒளி மட்டுமே உறைக்கும். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்ட்டில் வெறும் வெள்ளையாக வரும். அதனால் அவர் நெகட்டிவிலேயே மேகத்தைக் கையால் தீட்டினார்.

கடைசியில் பிரிண்ட். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இல்லாவிட்டால் பெரிதாகப் போட முடியாது என்று பிரிண்ட் போடும் லேபில் சொல்வார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நம் கண்ணுக்கு இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடும். புத்தகம் பிடிக்கிற ஓரடித் தூரத்துக்கு அது சுமார் 290 டிபிஐ ஆகிறது, 300-க்குப் பக்கத்தில்தான். ஒரு மீட்டரில் 87 போதும், இரண்டு மீட்டரில் 44. 12 மெகாபிக்சல் போன் படத்தை 40-க்கு 30 அங்குலத்தில் போட்டாலும் 100 டிபிஐ இருக்கிறது. கிட்டே போய் மூக்கை ஒட்டிப் பார்க்காதவரை குறை தெரியாது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. போன் திரையின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. மேட் பேப்பரில் அது நாற்பது, ஐம்பது மடங்குதான், பளபளப்புத் தாளில் இன்னும் கூடும். திரையில் தெளிவாகத் தெரிந்த வராந்தா நிழல், தாளில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். முழு அளவில் போடுவதற்கு முன் வராந்தாவும் வெள்ளைச் சுவரும் சேர்ந்து வருகிற ஒரு துண்டை மட்டும் போட்டு வாங்குவது நல்லது. அதை லேபின் விளக்கில் பார்க்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய், மாட்டப்போகும் சுவரில் ஒட்டி, ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். நிழலுக்குள் தூண்கள் தெரியாவிட்டால் நிழலை மட்டும் கொஞ்சம் ஏற்றி, இன்னொரு துண்டு போடச் சொல்லுங்கள்.