பிள்ளைகளின் நாடகத்தில் பெரியவர்களின் பேனா எதற்கு?

பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறும் நாடகங்களில் பெரும்பாலானவற்றை ஆசிரியர்களோ, வெளியிலிருந்து அழைக்கப்படும் எங்களைப் போன்ற நாடகக்காரர்களோதான் எழுதுகிறோம். மரம் நடுவோம், நெகிழியை ஒழிப்போம் என்று முடியும் அந்த வசனங்களை மனப்பாடம் செய்து, மைக்குக்கு முன்னால் வரிசையாக வந்து ஒப்பித்துவிட்டுப் போவதுதான் பிள்ளைகளின் பங்கு. இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வேர் உண்டு. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் கடும் பயிற்சியில் கற்றுத் தேர்ந்தார்கள். தமிழ் மேடைக்கும் திரைக்கும் அத்தகைய பாலர் நாடகக் குழுக்கள் கொடுத்த நடிகர்கள் பலர். ஆனால் பிரதி எப்போதும் வாத்தியாருடையதுதான். நூறாண்டு கடந்த பிறகும் அந்த ஏற்பாட்டை நாம் மாற்றவில்லை என்பதே என் ஆதங்கம்.

எங்கள் சமூக நாடகக் குழு அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுடன் நாடகம் எழுதும் பயிற்சியை நடத்துகிறது. தொடக்க நாட்களில் பிள்ளைகள் கையில் பேனாவே இருக்காது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் அதைத் தர மறுக்கிறார். இவ்வளவுதான் நாங்கள் கொடுக்கும் சூழல். இரண்டு பேர் எழுந்து நின்று அதைப் பேசிப் பார்ப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். பேசி முடித்தவுடன், சூடு ஆறுவதற்குள் அதைத் தாளில் எழுதச் சொல்வோம். அங்கேதான் சிக்கல் தொடங்கும். ஒரு நிமிடத்துக்கு முன் “யப்பா, சைக்கிள் எப்பப்பா வாங்கித் தருவ?” என்று கேட்ட பையன், தாளில் “தந்தையே, எனக்கு மிதிவண்டி வாங்கித் தாருங்கள்” என்று எழுதுவான். பள்ளியில் எழுதுவதென்றால் பாடப்புத்தகத்தைப் போலத்தான் எழுத வேண்டும் என்று அவன் பழகியிருக்கிறான். நாங்கள் திருத்துவதில்லை. இரண்டையும் உரக்கப் படிக்கச் சொல்லி, உன் நாடகத்தில் வரும் பையன் எதைச் சொல்வான் என்று மட்டும் கேட்போம். முடிவு அவனுடையது.

எழுத்துப்பிழை பெருகிவிடாதா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கவலைதான். நாடகம் முழுதாக முடிந்து, நல்ல பிரதி எடுக்கும்போது லகர, ளகர, ழகரங்களைச் சரிசெய்துகொள்ளலாம். பாதி எழுதியிருக்கும்போதே சிவப்பு மை விழுந்தால், அந்தப் பிள்ளை அதன்பின் பிழை வராத சொற்களை மட்டுமே தேடி எழுதும். நாடகம் அதோடு நின்றுவிடும்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய நாடகத்தில் வரும் பாத்திரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். தண்ணீர் லாரிக்காக விடியற்காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் குடங்கள் பேசிக்கொள்கின்றன. முதலிடத்தில் நிற்கும் புதுப் பச்சைக் குடத்துக்குக் கர்வம். அடியில் சூடு வைத்து ஒட்டிய நீலக் குடம் கடைசியில் நின்று, “என்னைய ரொப்புனா பாதித் தண்ணி தெருவுக்குத்தான் போவும். அப்பவும் என்னையத்தான் தூக்கிட்டு வர்றாங்க” என்கிறது. லாரி வருகிறது, இரண்டு குடம் நிறைவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. “நாளைக்கு ராத்திரியே என்னையக் கொண்டாந்து வைக்கச் சொல்லு” என்று நீலக் குடம் சொல்வதோடு நாடகம் முடிகிறது.

ஒத்திகையைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், நீரின் அருமையை விளக்கி இறுதியில் ஒரு குடம் பேசினால் நன்றாயிருக்கும் என்றார். அந்த மாணவி சற்று யோசித்து, “குடத்துக்கு அதெல்லாம் எப்படி டீச்சர் தெரியும்?” என்று கேட்டார். ஒரு பாத்திரம் தனக்குத் தெரிந்ததை மட்டுமே பேச முடியும் என்பதைத் தேர்ந்த நாடகாசிரியர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். முடிவை நாங்கள் மாற்றவில்லை. ஒழுகும் தண்ணீரை எப்படிக் காட்டுவது என்று கேட்டோம். நடிப்பவர் குடத்துக்கு அடியிலிருந்து நீலத் துணி ஒன்றை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கட்டும் என்றார். மேடையில் நடக்கவே முடியாத ஒன்றைப் பிள்ளைகள் எழுதும்போது, முடியாது என்று அடித்துவிடாமல் எப்படிச் செய்யலாம் என்று கேட்பதே பயிற்றுநரின் வேலை. படகு கவிழும், யானை அழும், வீடு பறக்கும்; எல்லாவற்றுக்கும் அவர்களிடமே வழி இருக்கும்.

பிற நாடுகளில் இதை நீண்டகாலமாகவே செய்துவருகிறார்கள். எடின்பரோவின் டிராவர்ஸ் அரங்கம் 1990 முதல் ‘கிளாஸ் ஆக்ட்’ என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் எழுதும் குறுநாடகங்களைத் தொழில்முறை இயக்குநர்களையும் நடிகர்களையும் கொண்டு மேடையேற்றுகிறது. நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் பகுதிப் பிள்ளைகளுக்காக 1981-இல் தொடங்கப்பட்ட ‘52வது தெருத் திட்ட’த்திலும் பிள்ளைகள் எழுதுவதைத் தொழில்முறை நடிகர்கள் நடிக்கிறார்கள். தான் எழுதிய வரியைப் பெரியவர் ஒருவர் பாடம்பண்ணி, மதித்துப் பேசுவதைக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லின் மீது வரும் பொறுப்பு வேறு எந்த வகுப்பிலும் வராது என்பதை எங்கள் நடிகர்களை வைத்துச் செய்தபோது நானும் கண்டேன்.

இந்தப் பயிற்சியைத் தொடங்க நினைக்கும் பள்ளிகளும் குழுக்களும் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சுதந்திரமாக எழுதும் பிள்ளைகள் வீட்டில் நடப்பதையும் எழுதுவார்கள். குடித்துவிட்டு அடிக்கும் அப்பா நாடகத்தில் வந்தாலே அது அந்த வீட்டுக் கதை என்று முடிவுகட்டக் கூடாது. தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் வந்திருக்கலாம். ஆயினும் ஒரு பிரதி நெஞ்சை உறுத்தினால் அதை வகுப்பில் படிக்க வைக்காதீர்கள், ஆசிரியர் அறையில் பேச்சுப்பொருளாக்காதீர்கள், பிள்ளையை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அதைக் காப்பாற்ற உங்களால் முடியாமல் போகலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருடைய கடமை; மறைப்பது தண்டனைக்குரியது. பள்ளியில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே தலைமையாசிரியருடன் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு வரும் குழு அதைக் கேட்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

2022–23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடப்பதால் நாடகத்துக்கு இப்போது ஓர் இடம் கிடைத்திருக்கிறது. போட்டி நெருங்கும்போது அவசரமாக ஒரு பிரதியைத் தேடுவதற்குப் பதிலாக, பள்ளி திறந்த சில வாரங்களிலேயே வாரம் ஒரு பாடவேளையை எழுதுவதற்கு ஒதுக்கினால் போதும். பிள்ளைகளின் பிரதிகள் தாமாகவே சேரும். அவற்றில் ஒன்றை மேடையேற்றும்போது பயிற்சி கொடுத்தவர், தலைமையாசிரியர், நன்கொடையாளர் பெயர்களையெல்லாம் அறிவிப்பதற்கு முன்னால், நாடகத்தை எழுதிய பிள்ளையின் பெயரை அறிவியுங்கள்.