சமையல் அக்கா ஏன் இயக்குநரிடம் சொல்லவில்லை?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு குழந்தைகள் இல்லத்தில் களப்பணியாளராக இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் சமையல் அக்கா என்னைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். "டியூஷன் அண்ணன் வர்ற நாள்ல மட்டும் அந்தப் பாப்பா சோத்தைத் தொடுறதில்லம்மா. மூணு வாரமா பாக்குறேன்" என்றார். சொல்லும்போதே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"சார்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"நான் சொன்னா எடுபடுமா? உனக்கெதுக்கு இந்த வேலைம்பாரு."

நான் போய்ச் சொன்னேன். இயக்குநர் கெட்டவர் இல்லை. ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்த பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து அந்த இல்லத்தைத் தொடங்கியவர். "அடுத்த வாரம் நிதி கொடுக்கிறவங்க வர்றாங்க, அது முடியட்டும்மா. இல்லத்தோட பேரு கெட்டா மத்த நாப்பது பிள்ளைங்க எங்க போவாங்க?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு டியூஷன் நாள் வந்து போனது. அந்த ஒரு நாளுக்கு நானும் பொறுப்பு. அதற்கப்புறம்தான் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012லேயே வந்துவிட்டது. அதன் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். 'முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. இந்தக் கடைசி வரி சமையல் அக்காவுக்கும் எனக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'பேர் கெட்டுவிடும்' என்ற பயம் எதுவரை போகும் என்பதற்கு பீகாரின் முசாபர்பூர் சாட்சி. ஒரு தன்னார்வ நிறுவனம் அரசுப் பணத்தில் நடத்திய சிறுமிகள் இல்லம் அது. மாநில அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் கோஷிஷ் குழு 100க்கும் மேற்பட்ட இல்லங்களைத் தணிக்கை செய்து 2018இல் அறிக்கை கொடுத்தது. அப்போதுதான் அங்கே நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. இல்லத்தில் வேலை பார்த்த பெண்களும், குழந்தைகள் நலக் குழுவில் பொறுப்பு வகித்தவர்களும் அதில் உண்டு. பிள்ளைகளைக் காக்க யாரை அமர்த்தினார்களோ அவர்களே. தீர்ப்புச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இவ்வளவு தூரம் போகாத நிறுவனங்களிலும் விதை இருக்கிறது. சம்பள வவுச்சரில் 12,000 என்று கையெழுத்து, கையில் 8,000. மீதி நிறுவனத்துக்கு 'நன்கொடை'. கேட்டால் "சேவைதானேம்மா". தணிக்கைக்கு முந்தின நாள் எல்லோரும் உட்கார்ந்து நடக்காத பயிற்சிக்கு வருகைப் பதிவேடு நிரப்புவார்கள், பேனா நிறம் மாற்றி மாற்றி. மாதாமாதம் பொய்யில் கையெழுத்துப் போட வைத்த ஒருவரிடம், ஆபத்து வரும்போது மட்டும் உண்மையை எப்படி எதிர்பார்ப்பது? தலைமையின் அறம் இந்த வவுச்சரில்தான் முதலில் தெரியும். பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நான் பார்த்த பல குழுக்களில் அந்த வெளியாள் இயக்குநரின் கல்லூரித் தோழி. அவரிடம் யார் போய் இயக்குநரைப் பற்றிச் சொல்வார்கள்?

இப்போது நானே ஒரு சிறிய நிறுவனத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மதியம் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கையில் நோட்டு இருக்காது. முதல் இரண்டு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம், அரிசி மூட்டையில் எடை குறைகிறது என்றார் ஒருவர். உடனே போய் நிறுத்துப் பார்த்தோம், கடைக்காரரை மாற்றினோம். அதற்கப்புறம்தான் பெரிய விஷயங்கள் வர ஆரம்பித்தன. புகார்ப் பெட்டியின் சாவி என்னிடம் இல்லை. ஓர் அறங்காவலரிடம் இருக்கிறது. என்னைப் பற்றிய புகாரானால் அவரைக் கூப்பிடச் சொல்லி அவருடைய எண்ணைக் குளியலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மற்ற இடங்களில் நின்று படித்தால் நாலு பேர் பார்ப்பார்கள்.

அந்த இல்லத்தில் "யார் சொன்னது, யார் சொன்னது" என்று விசாரித்து, அடுத்த மாதமே சமையல் அக்காவை நிறுத்திவிட்டார்கள். போன் செய்தது நான். என்னை யாரும் தொடவில்லை. எனக்குப் பட்டப்படிப்பு இருந்தது, அவருக்கு இல்லை. இப்போது எங்கள் நிறுவனத்தின் பணியாளர் கையேட்டில் முதல் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது: புகார் சொன்ன ஒருவரை ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் இயக்குநர் தனியாக முடிவெடுக்க முடியாது, அறங்காவலர் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். அதை எழுதும்போது, தொட்டிப் பக்கம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டே பேசிய அந்த அக்காதான் கண்முன் இருந்தார்.