ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டில் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு பட்டறைக்காரன் சொல்வது

போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் என்.எச். 85 சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வீடு போடியில், ஏலத்தோட்டம் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ என்று இருப்பவர்களுக்கு அது அன்றாடப் பாதை. முன்பு ஜீப்பில் போனவர்கள் இன்று ஆட்டோமேட்டிக் காரில் போகிறார்கள். பட்டறைக்கு வரும்போது "கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்துனீங்கண்ணே?" என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில்: "அது லைஃப்டைம் ஆயிலு தம்பி, மாத்தவே வேணாம்னு சொன்னாங்களே."

யாருடைய லைஃப்டைம் என்றுதான் யாரும் கேட்பதில்லை. உலகின் பெரிய கியர்பாக்ஸ் கம்பெனிகளில் ஒன்றான ஜெர்மனியின் இசட்எஃப், தன் 6 ஸ்பீடு பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவனே மாற்றச் சொல்லும்போது, வாரன்ட்டி முடியும்வரை ஓடினால் போதும் என்பவர் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும்?

அதிலும் மலைக்கணக்கு வேறு. ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது, எஞ்சின் இழுவையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் நழுவி நழுவித்தான் இழுக்கிறது. அந்த நழுவல் முழுக்கச் சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எண்ணெய்த் தொழிலில் பழைய கணக்கு. உங்கள் காரின் மேனுவலில் கடினமான ஓட்டம் என்று தனியாக ஓர் அட்டவணை இருந்தால், அது உங்களுக்காக எழுதியதுதான்.

ஆயில் மாற்றுவதற்கு முன், உங்கள் காரில் இருப்பது எந்தப் பெட்டி என்று தெரிந்தாக வேண்டும். ஸ்பேனர் பிடிப்பதைவிட இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கிளட்ச் பெடல் இல்லை என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது. 2014-ல் செலேரியோவோடு இங்கே பரவிய ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் பெட்டிதான்; அதற்கு கியர் ஆயில், கூடவே கிளட்சையும் கியரையும் தானாக இயக்கும் ஆக்சுவேட்டருக்குத் தனியாகக் கொஞ்சம் ஹைட்ராலிக் ஆயில். ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான சிவப்பு ஆயிலான ஏடிஎஃப்புக்கு அதில் வேலையே இல்லை. படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஹோண்டாவின் சிவிடி பெட்டி என்றால் எச்சிஎஃப்-2 என்ற ஆயில். இரும்பு பெல்ட்டும் புல்லியும் பிடித்துக்கொள்ளத் தேவையான உராய்வை அந்த ஆயில்தான் தருகிறது. அதில் சாதா ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போய்விடும். டார்க் கன்வெர்ட்டர் பெட்டியிலும் டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், ஹூண்டாயின் 6 ஸ்பீடுக்கு எஸ்பி-4 என்று தனித்தனி. "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று கடைக்காரர் நீட்டும் டப்பாவை நான் வாங்குவதில்லை. டப்பாவில் உங்கள் மேனுவல் சொல்லும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை கிளட்ச் பெட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் கைவைக்கவே வேண்டாம்.

சரி, டார்க் கன்வெர்ட்டர் பெட்டி, சரியான ஆயிலும் வாங்கியாயிற்று. இனி கஷ்டம் அளவில்தான். புதிய பெட்டிகள் பலவற்றில் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓட, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க, அடியில் உள்ள பிளக்கைத் திறந்து ஆயில் மெல்லச் சொட்டும்போது மூட வேண்டும் என்பது கம்பெனி முறை. லிஃப்ட் உள்ள பட்டறையில் இது சுலபம். வீட்டு வாசலில், ஓடும் எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்வது எனக்குச் சம்மதமில்லை.

அதற்கு மாற்றாக நான் சொல்லிக்கொடுப்பது, வெளியே வந்ததை அளந்து அதே அளவு உள்ளே விடுவது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் இறக்குங்கள். சூடாக இறக்கினால் அழுக்கு நன்றாக வரும் என்பார்கள்; வரும்தான், கையும் வேகும், அளவும் ஏமாற்றும். 8 லிட்டர் ஆயில் 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 300 மில்லி உப்பிக்கொள்ளும். சூடாக அளந்து எடுத்து, குளிர்ந்த புது ஆயிலை அதே அளவு ஊற்றினால் மட்டம் கூடிப்போகும். பழையதும் புதியதும் ஒரே குளிர்ச்சியில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே கசிவு இருந்த வண்டிக்கு மட்டும் இந்த வழி ஆகாது. இருந்த மட்டமே அங்கே தப்பாக இருக்கும்.

முதலில் திறக்க வேண்டியது ஊற்றும் பிளக். இறக்கும் பிளக் இல்லை. ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் வண்டியாவது ஓடும் நிலையில் இருக்கும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மேல் பிளக்கோடு மல்லுக்கட்டினால் ரிக்கவரி வண்டிதான் கதி. சில பெட்டிகளில் கீழ் பிளக்கைக் கழற்றினால் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். துளைக்குள் நிற்கும் சின்னக் குழாயையும் ஆலன் கீயால் கழற்றினால்தான் மீதி இறங்கும்.

ஊற்றும் துளை பெரும்பாலும் பெட்டியின் பக்கவாட்டில், கை நுழையாத இடத்தில் இருக்கும். அதற்குத் தோட்டக்காரர் கையிலேயே விடை இருக்கிறது. ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கைப்பம்பு ஒன்றைப் புதிதாக வாங்கி, நுனியில் இருக்கும் நாசிலை எடுத்துவிட்டு ட்ரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டினால் ஆயில் அழகாக ஏறும். ஒரு தடவை மருந்தடித்த பம்பு என்றால் எத்தனை கழுவினாலும் வேண்டாம். துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும். பட்டறைகளில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டின் ஒரு நூலிழை போதும், ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் வால்வு பாடியில் மாட்டிக்கொள்ள.

வண்டி நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். கொத்தனார் ரசமட்டத்தை கதவடிப் படியில் வைத்துப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்; அது உடையும்போது சொல்லிவிட்டு உடையாது.

ஒரே தடவையில் முழு ஆயிலும் மாறாது. கன்வெர்ட்டருக்குள் தங்குவது தங்கும். 8 லிட்டரில் 4 இறங்கினால் பாதி புதிது. கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி செய்தால் முக்கால் பங்கு. மூன்றாம் முறைக்கு 87 சதவீதத்தைத் தாண்டும். மெஷின் வைத்து ஒரேயடியாக அலசுவதைவிட, வயதான பெட்டிக்கு இந்த நிதானம்தான் எனக்குப் பிடிக்கும்.

இறங்கிய ஆயில் தகவல் சொல்லும். கருஞ்சிவப்பு, வயதானது. கருகிய வாடை, பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. ஏற்கெனவே கியர் நழுவுகிற வண்டியைப் புது ஆயில் காப்பாற்றாது. பெட்டியின் அடித்தட்டான ஆயில் பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். செதில் செதிலாக இரும்பு இருந்தால் மூடிவிட்டு பட்டறைக்குக் கூப்பிடுங்கள். ரோஸ்மில்க் போல வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்குமேல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மூடும்போது வாஷர் புதிது போடுங்கள். பெட்டி அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போகும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வாடகைக்காவது எடுத்து மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு கீழே இறக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்துங்கள். ஊருக்குள் ஓட்டிக் கசிவு பார்த்துவிட்டு, மலையேறுவதற்கு முன் லிஃப்ட் உள்ள பட்டறையில் மட்டத்தை ஒருமுறை கம்பெனி முறைப்படி சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சின்னக் கூலிதான்.

பழைய ஆயிலைக் கேனில் மூடி எங்களிடமே கொடுங்கள், சேகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுவோம். வேலிக்காலுக்கு அடிக்கவும் வேண்டாம், சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். ஊர்ச் சாக்கடை கொட்டக்குடி ஆற்றில்தான் போய்ச் சேருகிறது.