தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது

டெங்கிக் கிருமியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100. இந்தத் தட்டில் கொஞ்சம், அந்த வாளியில் கொஞ்சம் என்று பல இடங்களில் பிரித்தே இடும்.

இட்டபோது வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். நீளம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பார்ப்பவருக்கு அழுக்குப் புள்ளிதான். முதல் சில மணி நேரத்துக்குள் காய்ந்துபோனால் சுருங்கிச் செத்துவிடும். சுமார் 12 மணி நேரத்தில் ஓட்டுக்கு உட்புறம், கருவைச் சுற்றி, ஈரத்தை வெளியே விடாத இன்னோர் உறை உருவாகிறது. கரு முழுதாக வளர இரண்டு மூன்று நாள் ஆகும். அதன்பின் காய்ந்த சுவரிலேயே பல மாதம் உயிரோடு கிடக்கும்.

மறுபடி தண்ணீர் ஏறியதும் எல்லா முட்டையும் பொரித்துவிடாது. நீரில் நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜன் குறைவது அவற்றுக்கு ஒரு தூண்டுதல். புழுவுக்கு இரை தயார் என்று அர்த்தம். அப்படியும் சில முட்டைகள் அடுத்த நனைப்புக்குக் காத்திருக்கும். போன வாரம் கொட்டிய பூச்சட்டித் தட்டில் மீண்டும் புழு நெளிவது இதனால்தான். சிங்கப்பூர் வெப்பத்தில் பொரித்த புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும்.

புகையடிப்பு பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் போடும் பிடிஐ (Bti) என்ற பாக்டீரியா மருந்து, அதைத் தின்னும் புழுவின் குடலைச் சிதைக்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் எதையும் தின்பதில்லை, அவற்றை மருந்து தொடாது. முட்டையை ஒழிக்கத் தேய்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டுங்கள். பிறகு நீர்க்கறை படிந்த கோட்டையும் அதற்கு மேலே இரண்டு விரல் அகலத்தையும் சொரசொரப்பான பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். கையால் தடவினால் முட்டை பெயராது. தேய்த்த பஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். வரவேற்பறையில் பூ மிதக்கவிடும் உருளிக்கும் இதே கவனிப்பு வேண்டும். தண்ணீரில் வளர்க்கும் மணி பிளாண்டை வெளியே எடுத்து, வேரைக் குழாயடியில் அலசுங்கள். தாழ்வாரத்துத் துளசி, கறிவேப்பிலைச் சட்டிகளில் மண் இறுகினால் மேலே தண்ணீர் தேங்கும், கிளறிவிடுங்கள். வாளியைக் கவிழ்த்து வைப்பவர்கள்கூட அதன் விளிம்பைத் துடைக்க மறக்கிறார்கள். 20 காசு நாணயத்தளவு தண்ணீர் இந்தக் கொசுவுக்குப் போதும்.

தேசிய சுற்றுப்புற வாரியம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் வைத்திருக்கும் கறுப்புப் பொறிகளும் இந்த முட்டையிடும் பழக்கத்தை நம்பியே இயங்குகின்றன. உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர், சுவரில் பசை. முட்டையிட வரும் கொசு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றை நகர்த்தாதீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தட்டுகளைத் தேய்த்துக் காயவைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். தேய்க்காமல் போயிருந்தால், திரும்பி வந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுமுன் தட்டைத் தேய்த்துவிடுங்கள்.