பேணாமை: கவனக்குறைவு அன்று

குழந்தைப் பாதுகாப்புக் கையேடு ஒன்றின் மெய்ப்பைத் திருத்தும்போது, 'பெற்றோரின் கவனக்குறைவு' என்னும் தொடரை ஏழாம் முறையாகக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'நெக்லெக்ட்' (neglect) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக அதை எழுதியிருந்தார்கள். அந்த ஆங்கிலச் சொல் இலத்தீன் வழி வந்தது. எடுக்காமல் விடுதல் என்பது அதன் வேர்ப்பொருள்.

அடுப்பில் பால் பொங்கி வழிவதும், பேருந்தில் குடையை மறந்து இறங்குவதும் கவனக்குறைவு. அது ஒரு நொடியின் பிழை. பிள்ளைக்கு உணவும் மருந்தும் பள்ளியும் அன்பும் மாதக்கணக்கில் கிடைக்காமல் போவதை அதே சொல்லால் குறித்தால், குற்றம் தற்செயலாகிவிடுகிறது. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே இதைச் செய்தால் தண்டனை உண்டு என்கிறது. 'வேண்டுமென்றே கவனக்குறைவாக இருத்தல்' என்று அதைப் பெயர்ப்பவர், தாம் எழுதியதைத் தாமே ஒருமுறை வாய்விட்டுப் படித்ததுண்டா? 'புறக்கணிப்பு' சற்றே மேல் எனினும், தேர்தலையும் விழாவையும் புறக்கணித்துப் பழகிய அச்சொல்லில் எதிர்ப்பின் வாடை வீசுகிறது.

பொருத்தமான சொல் 'பேணாமை'. 'யாதொன்றும் பேணாமை பேதை தொழில்' என்னும் குறளுக்கு (833), பேண வேண்டிய எதையும் பேணாதிருத்தல் என்றே உரை கொள்வர். கடமை உண்டு, அது செய்யப்படவில்லை என்னும் இரண்டும் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. வறுமையால் சோறு போட இயலாத தாயின் நிலை 'பேண இயலாமை' என்று தனியே பிரிந்தும் நிற்கும். பழஞ்சொல் என்று முகம் சுளிப்பவர்கள், 'உடல்நலம் பேணுங்கள்' என்று நாள்தோறும் எழுதுகிறவர்களே.

இதற்கு இணையான இன்னொரு சொல்லும் உறுத்துகிறது. 'சைல்டு அபியூஸ்' (child abuse) என்பதற்கு இலங்கையில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' என்பது அலுவல் வழக்காகவே நிலைத்துவிட்டது. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம், ஏனெனில் அதிகாரம் பயன்படுத்துவதற்கானது. பிள்ளை அப்படிப்பட்ட பண்டமா? அன்றியும், பிரயோகம் என்றாலே ஒரு செயல் வேண்டும். செய்யாமல் விட்டதை அதற்குள் அடக்க வழியில்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 19-ஆம் உறுப்பில் அடித்தலையும் பேணாமையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பேணாமை தானும் ஒரு கொடுமை. கேட்பாரற்ற பிள்ளையைத் தேடி அலையும் பிறர் கொடுமைக்கு வாசலைத் திறந்துவைப்பதும் அதுவே. 'பட்டினி போட்டுக் கொடுமைப்படுத்தினார்கள்' என்று ஊரில் சொல்லும்போது, செய்ததும் செய்யாததும் 'கொடுமை' என்ற ஒரே சொல்லில் இயல்பாகச் சேர்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் அது காதில் விழுவதில்லை.

கையேட்டின் ஏழு இடங்களையும் திருத்தி அனுப்பினேன். உள்ளே ஆறு இடங்களில் 'பேணாமை' அச்சாகி வந்தது; அத்தியாயத் தலைப்பில் மட்டும், பெரிய எழுத்தில், 'கவனக்குறைவு'.