கேர்னல் காத்திருக்காது: நெட்லிங்க் சொக்கெட்டில் தொலையும் எண்கள்

ஒரு திங்கட்கிழமை காலை, கொழும்பு கோட்டையில் உள்ள ஒரு வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் எழுதிக்கொடுத்த கண்காணிப்பு புரோகிராமில் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது, ஆனால் பாதிச் சேவைகள் படுத்துவிட்டன என்றார்கள். காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தையிலிருந்து போய்ச் சேர்ந்து, சேர்வரில் வலையமைப்பு இன்டர்ஃபேஸ்களைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்துப் பார்த்தேன். எங்கள் திரை காட்டிய இன்டர்ஃபேஸ்களில் பல அங்கே இல்லவே இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலின் கணக்குகளைப் புரோகிராமுக்குள் எடுக்க இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்று, 'ப்ரொக்' கோப்புகளைத் திறந்து எழுத்தாக வாசிப்பது. கேர்னல் எண்ணை எழுத்தாக்கும், நாம் அதைத் திரும்ப எண்ணாக்குவோம். ஆயிரக்கணக்கான ப்ரொசெஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்) உள்ள இயந்திரத்தில் இது வீண் வேலை. மற்றது நெட்லிங்க் சொக்கெட், அதாவது கேர்னலும் புரோகிராமும் நேரடியாகச் செய்தி பரிமாறும் வழி. 16 பைட் தலைப்போடு பைனரிச் செய்தியாகக் கேட்கலாம், பதிலும் அப்படியே வரும். 'எஸ்எஸ்' கட்டளை டிசிபி இணைப்புகளை இப்படித்தான் விசாரிக்கிறது. கேட்காமலே, மாற்றம் நடக்கும்போது செய்தி வருமாறு ஒரு குழுவில் பதிந்துகொள்ளவும் முடியும். நாங்கள் செய்தது அதைத்தான்.

அன்று காலை நூற்றுக்கணக்கான கொண்டெயினர்கள் (சேவைகளைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் சூழல்கள்) ஒரே நேரத்தில் மறுதொடக்கமாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இன்டர்ஃபேஸ் அழிந்து, புதியது பிறந்து, செய்திகள் கொட்டியிருக்கின்றன. எங்கள் புரோகிராமோ அப்போது டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருந்தது. வந்த செய்திகள் வாசிக்கப்படும் வரை காத்திருக்கும் இடமான சொக்கெட்டின் பெறும் பஃபர் பல இயந்திரங்களில் 2,12,992 பைட்தான். அது நிரம்பியதும் மிச்சச் செய்திகள் கைவிடப்பட்டன. வாசிப்பவர் தாமதிக்கிறார் என்பதற்காகக் கேர்னல் தன் வேலையை நிறுத்தி வைக்க முடியாது.

ஆனால் அது சொல்லாமல் விடுவதில்லை. அடுத்த வாசிப்பில் 'ஈநோபஃப்ஸ்' என்ற பிழையைத் தருகிறது. எங்கள் குழுவில் அந்தப் பகுதியை எழுதிய தம்பியிடம் கேட்டேன். "பிழை வந்தால் திரும்ப வாசிக்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறேன் அண்ணா" என்றார். எல்லாப் பிழைக்கும் ஒரே பதில். அந்தக் கோட் பகுதியை மீளாய்வு செய்து சரி என்றவன் நான்தான்.

அந்தப் பிழை வந்தால் நம் கையிலிருக்கும் பட்டியலை நம்பக்கூடாது. எத்தனை செய்தி தொலைந்தது என்றும் தெரியாது. இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை: நெரிசல் ஏற்பட்ட சொக்கெட்டில் ஏற்கனவே வரிசையில் நிற்பவற்றை முழுக்க வாசித்துக் காலியாக்கும் வரை புதிய குழுச் செய்திகள் வந்து சேராது. ஆகவே முதலில் வரிசையைக் காலி செய்யுங்கள். அப்புறம் முழுப் பட்டியலையும் புதிதாகக் கேளுங்கள். தொடக்கத்திலும் குழுவில் பதிந்த பிறகே பட்டியலைக் கேட்க வேண்டும்; மாற்றிச் செய்தால் இடையில் நடந்த மாற்றம் கைநழுவும். பட்டியல் வரும்போதே நிலை மாறிவிட்டால் கேர்னல் தலைப்பில் 'டம்ப் இன்டர்' கொடியை ஏற்றும். அதைக் கண்டால் மறுபடி கேட்க வேண்டியதுதான். பஃபரைப் பெரிதாக்குவது நல்லது, ஆனால் அது நேரத்தைத்தான் வாங்கித் தரும்.

எண்களிலும் கவனம் தேவை. பைட்களை எண்ணும் 32 பிட் கவுன்டர் 1 கிகாபிட் இணைப்பில் சுமார் 34 விநாடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்தால் கணக்கு பொய். 64 பிட் புள்ளிவிவரத்தையே எடுங்கள். ஒவ்வொரு ப்ரொசெஸின் கணக்கையும் நெட்லிங்க் வழியே தருவது டாஸ்க்ஸ்டாட்ஸ். அது தரும் தாமதக் கணக்கு, அதாவது டிஸ்க் போன்றவற்றுக்காகக் காத்திருந்த நேரம், 5.14 கேர்னலிலிருந்து இயல்பாக அணைந்திருக்கிறது. அங்கே பூச்சியத்தைப் பார்த்து டிஸ்க்கில் காத்திருப்பே இல்லை என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

இந்த எண்கள் யாருக்கும் தீங்கில்லாதவை என்று நினைப்பதும் தவறு. டாஸ்க்ஸ்டாட்ஸின் உள்ளீட்டுக் கணக்கை வைத்து இன்னொரு பயனரின் கடவுச்சொல் எத்தனை எழுத்து என்று கண்டுபிடிக்கலாம் என 2011இல் வெளிவந்தது. இப்போது அதற்கு 'நெட் அட்மின்' உரிமை வேண்டும். அதற்காக முழுப் புரோகிராமையும் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக, ஓட்ட வேண்டாம். அந்த ஓர் உரிமையோடு ஒரு சிறு ப்ரொசெஸ் வாசித்து மற்றதிடம் கொடுக்கட்டும். வந்த செய்தி கேர்னலுடையதா என்பதையும் அனுப்புநர் எண் பூச்சியமா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள். 2009இல் லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் புரோகிராம் இந்தச் சோதனையைச் செய்யாததால், சாதாரணப் பயனர் ரூட் ஆகும் ஓட்டை உண்டானது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் எந்தப் பதிப்பையும் வெளியே கொடுக்குமுன் ஒரு சோதனை வைக்கிறோம். புரோகிராமை 'சிக்ஸ்டொப்' என்ற நிறுத்தும் சிக்னலை அனுப்பி உறைய வைத்து, ஆயிரம் டம்மி இன்டர்ஃபேஸ்களை உருவாக்கி, அவற்றில் பாதியை அழிப்போம். பிறகு புரோகிராமை எழுப்பி, அதன் திரையையும் 'ஐபி லிங்க்' தரும் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுவோம். அந்தத் தம்பிதான் இதை எழுதினார். முதல் முறை ஓட்டியபோது எங்கள் பழைய பதிப்பு நான்காவது விநாடியில் தோற்றது.