மூச்சு வருகிறதா என்று பார்க்கும் பத்து நிமிடங்கள்

"மார்பு ஏறி இறங்குது, கை சூடாத்தான் இருக்கு. எப்படி டாக்டர் போயிட்டான்னு சொல்றீங்க?" ஐசியு வாசலில் இப்படிக் கேட்கும் குடும்பத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. மூச்சு அடங்கினால், நாடி நின்றால் சாவு என்றுதான் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறோம். வென்டிலேட்டர் வந்த பிறகுதான், மூளை முழுக்கச் செயலிழந்தும் மார்பு ஏறி இறங்கும் உடல்களை மருத்துவர்கள் பார்த்தார்கள். 1959-இல் பாரிஸில் அதைக் 'கோமாவையும் கடந்த நிலை' என்றார்கள். 1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு குழு அதைச் சாவாகவே கொள்ள வேண்டும் என்றது. இதைத்தான் மூளைச்சாவு என்கிறோம்.

தலையில் பலமாக அடிபட்டால் மூளை வீங்கும். கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும், மண்டையோடு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தத்தையே மிஞ்சும்போது மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. மூச்சு விடச் சொல்லும் மூளைத்தண்டும் அதோடு போகிறது. ஆனால் இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் மேலறையில் உள்ள சிறு திசு முடிச்சே துடிப்பை உண்டாக்கும். இயந்திரம் ஆக்ஸிஜனைத் தள்ளும்வரை துடிக்கும், கையும் சூடாக இருக்கும்.

கோமா வேறு. அதில் மூளைத்தண்டு வேலை செய்யும். சிலர் எழுந்தும் வருவார்கள். கருணைக்கொலை குறித்து உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்த வழக்கின் அருணா ஷான்பாக் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூளைச்சாவு இல்லை.

சரி, எப்படி உறுதிசெய்கிறார்கள்? மயக்க மருந்தோ, உடல் குளிர்ந்து போனதோ காரணமில்லை என்று முதலில் பார்ப்பார்கள். கண்ணில் வெளிச்சம் அடிப்பார்கள், கருவிழியைப் பஞ்சால் தொடுவார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் அசைகிறதா என்று கவனிப்பார்கள். கடைசியில் மூச்சுச் சோதனை.

மூச்சு விட நம்மை முக்கியமாகத் தூண்டுவது ஆக்ஸிஜன் குறைவதல்ல, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதுதான். அதனால் சில நிமிடம் முழு ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். மெல்லிய குழாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும். போர்வையை விலக்கி, மார்பையும் வயிற்றையும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தம், எட்டுப் பத்து நிமிடத்தில் 60-ஐத் தாண்டும். உயிருள்ள மூளைத்தண்டால் அதைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அப்போதும் ஒரு சின்ன மூச்சுகூட இல்லையென்றால், மூச்சு விடச் சொல்ல உள்ளே யாரும் இல்லை.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் இதைச் சான்றளிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம் விட்டு எல்லாச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர்கள் அந்த நால்வரில் இருக்கக்கூடாது.

அறிவியலின் மேல் எனக்குக் குறையில்லை, சட்டத்தின் மேல்தான். மூளைச்சாவைப் பற்றிப் பேசுவது உறுப்பு மாற்றுச் சட்டம். பிறப்பு இறப்புப் பதிவுக்கான 1969-ஆம் ஆண்டுச் சட்டமோ 'உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால், உறுப்பு தானம் தரச் சம்மதித்த குடும்பத்தின் பிள்ளை இறந்தவன். வேண்டாம் என்ற குடும்பத்தின் பிள்ளையோ, அதே சோதனைகளுக்குப் பிறகும் நடுவில் கிடக்கிறான். வென்டிலேட்டரை எடுக்க மருத்துவர் தயங்குவார், இதயம் தானாக நிற்கும்வரை ஐசியு பில் ஏறும். ஒரு கையெழுத்து சாவைத் தீர்மானிப்பது நியாயமே இல்லை. உறுப்புக்காகத்தான் செத்ததாகச் சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் இதுதான் வளர்க்கிறது.

கேரளா 2020-இல், தானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூளைச்சாவை அறிவிக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 2008-இல், விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவிலிருந்து உறுப்பு தானத்தில் நெடுந்தூரம் வந்திருக்கும் தமிழ்நாடு, தானம் செய்தவருக்கு 2023 முதல் அரசு மரியாதை தருகிறது. தானம் தராத வீட்டாருக்கும் தெளிவான பதில் சொல்ல வேண்டிய கடமை அதற்கு உண்டு.

அப்புறம் இன்னொன்று. விரும்பும் உறவினர் ஒருவரை அந்த மூச்சுச் சோதனையின்போது பக்கத்தில் நிற்க விடலாம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கை லேசாக அசையலாம், அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். கையைப் பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள்.